மருத்துவர் மெக்கென்சியின் திடல்

கோபுரத்தை ஆராய்கிறோம், ஓவியத்தை ஆராய்கிறோம், நாடக மேடையைக்கூட ஆராய்ந்து எழுதுகிறோம். பந்தடிக்கும் புல்தரையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கல்லூரியில் பாடம் சொல்பவர். ஆதலின் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. புல், மண், மணல், நீர் ஆகிய நான்கும்தாமே அங்கு உள்ளன என்றார். கோபுரத்தில் மட்டும் கல்லையும் சுதையையும் தவிர வேறு என்ன இருக்கிறது என்றேன். சிரித்தார், ஆனால் ஒப்பவில்லை. அவரை ஒப்பவைக்கும் முயற்சி என்றே இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

எடுத்துக்கொண்ட திடல் அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நகரில் உள்ள ‘அகஸ்டா நேஷனல்’. ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் ‘மாஸ்டர்ஸ்’ என்னும் பெரும் போட்டி நடைபெறுவது இங்கேதான். ஒன்றை முதலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அங்கு ஆடியதில்லை, ஆடப்போவதும் இல்லை. அது தனியார் கழகம். ஏறத்தாழ முந்நூறு உறுப்பினர். விண்ணப்பம் போட்டுச் சேரும் வழக்கம் இல்லை. அழைத்தால் மட்டுமே நுழையலாம். அப்படியானால் அதைப் பற்றி எழுத உனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். பல்லாண்டுகளாக அத்திடலின் ஒவ்வொரு குழியும் ஒவ்வோர் அடியும் உலகமெங்கும் திரையில் காட்டப்பட்டு வருகின்றன. நம் நாட்டில் அதன் இறுதிச் சுற்று திங்கட்கிழமை விடியற்காலையில் முடியும். வேலைக்குப் போகுமுன் கோப்பியும் கையுமாக அமர்ந்து அதைப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் உளர். கால் வைக்க முடியாத திடலை இத்தனை கண்கள் அறிந்திருப்பது விந்தையே.

எனக்கு வேறோர் உரிமையும் உண்டு. சிறுவனாக இருந்தபோது, தோட்டத்துத் துரைமார் ஆடிவந்த ஒன்பது குழித் திடல் ஒன்றில் பை தூக்கியிருக்கிறேன். துரை அடிக்கும் பந்து இறப்பர் மரங்களுக்குள் போய் விழும். தேடி எடுப்பது என் வேலை. வார முடிவில் தருவதாகச் சொன்ன காசு சில வாரங்களில் வராது. அது வேறு கதை. அங்கே ஒன்றைக் கவனித்தேன். சில குழிகளில் துரை டீயில் நின்றதும் அடித்துவிடுவார். நான்காம் குழியில் மட்டும் நெடுநேரம் நிற்பார். ஒரு மட்டையை எடுப்பார், வைப்பார், வேறொன்றைக் கேட்பார். இடப்பக்கம் ஓர் ஓடை. அதையொட்டி அடித்தால் வழி குறுகும், வலப்பக்கம் அடித்தால் அச்சமில்லை, ஆனால் அடுத்த அடி கடினம். திட்டமிட்டு அமைத்தார்களோ, ஓடை அங்கே இருந்ததால் தானாக அமைந்ததோ, தெரியாது. மனிதனை நின்று எண்ணவைக்கும் குழியே நல்ல குழி என்பதை அன்று அறிந்தேன். அந்த அளவுகோலைக்கொண்டே அகஸ்டாவையும் அளக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. டீ, பேர்வே, கிரீன் ஆகியவற்றை அப்படியே விடுகிறேன். முதல் அடியை அடிக்கும் மேடை டீ. குழியைச் சூழ்ந்த, மழித்தெடுத்த புல்தரை கிரீன். இடைப்பட்ட ஒழுங்கான புல்வெளி பேர்வே. தேர்ந்தவர் ஒரு குழியை முடிக்க ஆகும் அடிகளின் கணக்குக்குப் பார் என்று பெயர். பை தூக்கி வருபவருக்குரிய ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘கேடி’ என்றாகி வீண் வம்பு வரும். ஆதலின் அவரைப் பைதூக்குநர் என்றே குறிக்கிறேன்.

அகஸ்டாவின் நிலம் 365 ஏக்கர். ஒரு காலத்தில் அவுரித் தோட்டம். 1857ஆம் ஆண்டில் பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பத்தார் அதை வாங்கிப் பழமரங்களும் பூச்செடிகளும் வளர்க்கும் நாற்றுப் பண்ணையாக்கினர். அமெரிக்காவின் ஒப்பற்ற ஆட்டக்காரரான பாபி ஜோன்ஸ், 1930இல் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 28ஆம் வயதில் போட்டிகளிலிருந்து விலகினார். தம் ஊர்ப்புறத்தில் தமக்குப் பிடித்தவாறு ஒரு திடல் அமைக்க விரும்பினார். பணத்துக்குரிய ஏற்பாட்டை நியூயார்க் முதலீட்டாளர் கிளிபர்ட் ராபர்ட்ஸ் கவனித்தார். வரைந்தவர் அலிஸ்டர் மெக்கென்சி என்னும் மருத்துவர். திடல் 1932 இறுதியில் ஆட்டத்துக்குத் திறந்தது. அது உலகப் பொருளாதார மந்தக் காலம். 1,800 பேர் சேர்வர் என்று கணக்கிட்ட இடத்தில் நூறு பேர்கூடச் சேரவில்லை. பேசிய கூலியைக் குறைத்துக்கொண்ட மெக்கென்சி அதையும் முழுமையாகப் பெறாமல் 1934 ஜனவரியில் கண்மூடினார். முதற்போட்டி நடந்தது அவ்வாண்டு மார்ச்சில். வரைந்தவர் அதைக் காணவில்லை.

மெக்கென்சி யார்க்‌ஷயரில் பிறந்த ஸ்காட்லாந்து வமிசத்தவர். போயர் போரில் மருத்துவராகப் பணிபுரிந்தபோது, போயர் வீரர்கள் தம் பதுங்குகுழிகளைப் புல்லோடும் மேட்டோடும் கலந்து மறைத்திருந்த திறனைக் கண்டு வியந்தார். எதிரியின் கண்ணை ஏய்க்கும் அக்கலையைப் பின்னாளில் திடல் அமைப்பதில் பயன்படுத்தினார். செயற்கையான மேடு செயற்கை என்று தெரியக்கூடாது. அருகில் இருப்பது தொலைவில் இருப்பதுபோலத் தோன்றவேண்டும். அகஸ்டாவின் 10ஆம் குழியில் அவர் கைவண்ணத்தை இன்றும் காணலாம். மலைச்சரிவில் இறங்கும் அந்த நீண்ட வழியின் நடுவே, கிரீனுக்கு வெகுதூரம் முன்பாக, வெண்மணல் விரிந்த பெரும் மணற்குழி ஒன்று கிடக்கிறது. கைவிரல்களை விரித்தாற்போன்ற வடிவம். அதில் இன்று பந்து விழுவது அரிது. 1937இல் பெரி மாக்ஸ்வெல் என்பவர் கிரீனை மேட்டுக்கு நகர்த்திவிட்டார். காவலுக்கு வைத்த மணற்குழி காவற்பொருளை இழந்து அங்கேயே கிடக்கிறது. அதை மூடாமல் விட்டார்களே, அது மட்டில் அவர்களுக்கு நன்றி.

அவரும் ஜோன்ஸும் மனத்தில் கொண்ட மூலம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழந்திடல். கடலோரத்தில் காற்றும் மணலும் ஆடுமாடும் சேர்ந்து உருவாக்கிய அத்திடலின் விரிவான வரைபடத்தை மெக்கென்சி 1924இல் வரைந்திருந்தார். அங்கு அவர் கற்றது அகலத்தின் பயனை. இதைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் எளிய ஆட்டக்காரர் அகலத்தை எளிமை என்று தவறாகக் கொள்கிறார்.

குறுகிய வழியில் ஆடுவோனுக்கு எண்ணமே வேண்டியதில்லை. நேரே அடி, தவறினால் புதர். அவனுக்குக் கையும் நெஞ்சுரமும் போதும். வழி அகன்றிருந்தால் எங்கு அடித்தாலும் பந்து கிடைக்கும்; ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. கிரீன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. குழி இன்று அதன் வலமூலையில் வெட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால் பேர்வேயின் இடப்பக்கத்திலிருந்து வருபவனுக்கு வாயில் திறந்திருக்கும், வலப்பக்கத்திலிருந்து வருபவனுக்கு மூடியிருக்கும். நாளை குழி இடமூலைக்குப் போனால் கணக்கு தலைகீழாகும். திறமை குறைந்தவன் அகலத்தில் பந்தை இழக்காமல் ஓரடி கூடுதலாக அடித்து மகிழ்ச்சியோடு முடிக்கலாம். திறமை மிக்கவன் ஓரடி குறைக்க வேண்டுமானால் ஆபத்தின் விளிம்பை நாட வேண்டும். இருவருக்கும் ஒரே திடலில் இருவேறு பாடம். அகஸ்டாவில் தொடக்கத்தில் உயர்புல்லே இல்லை. மணற்குழிகளும் முப்பதுக்குக் குறைவு. காவல் முழுவதையும் நிலத்தின் மேடுபள்ளத்திடமும் கிரீன்களின் சாய்விடமும் ஒப்படைத்திருந்தார்கள். 14ஆம் குழியில் இன்றளவும் மணற்குழி ஒன்றுகூட இல்லை; கிரீனின் அலைபோன்ற வளைவே போதிய தண்டனை தருகிறது.

இக்கொள்கையின் நிறைவான உருவம் 13ஆம் குழி. அது பார் 5. வழி இடப்புறமாக வளைகிறது. வளைவின் உட்புறத்தில் ஒரு சிற்றோடை கூடவே ஓடிவந்து, இறுதியில் குறுக்கே திரும்பி, கிரீனின் முன்னால் காவல் நிற்கிறது. பேர்வே வலமிருந்து இடமாகச் சரிகிறது. ஓடையை ஒட்டி, இடப்பக்கத்தில் முதல் அடியை அடிக்கத் துணிந்தவனுக்குத் தூரமும் குறையும், காலடி நிலமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். இரண்டாம் அடியிலேயே கிரீனை எட்டலாம். ஓடைக்கு அஞ்சி வலப்பக்கம் ஒதுங்கியவன் தூரத்தையும் கூட்டிக்கொள்கிறான். அதற்குமேல், சரிவில் நிற்பதால் பந்து அவன் காலைவிட உயரத்தில் கிடக்கிறது. அப்படிக் கிடக்கும் பந்து வலக்கையாளனுக்கு இடப்பக்கமாகத் திரும்பும், திரும்பினால் ஓடை. முதல் அச்சத்திற்கு இரண்டாம் அடியில் வட்டி கட்டுகிறான். அதுவும் வேண்டாம் என்றால் ஓடைக்கு முன்னே நிறுத்தி, மூன்றாம் அடியில் சிறிய மட்டையால் தாண்டலாம். அதற்கும் தடையில்லை. இந்தக் குழியில் ஆடுபவனைத் திடல் எங்கும் வலுக்கட்டாயம் செய்வதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறது. இதைப் பெரிதும் அமைத்தது இயற்கை. மெக்கென்சியின் பெருமை, கெடுக்காமல் விட்டது.

12ஆம் குழி இதற்கு நேர்மாறு. 155 கஜம், ஒரே அடி, ஒதுங்க இடமில்லை. ரேஸ் கிரீக் என்னும் ஓடைக்கு அப்பால் ஒடுங்கிய கிரீன் குறுக்காகப் படுத்திருக்கிறது. முன்னே ஒரு மணற்குழி, பின்னே இரண்டு. அப்பள்ளத்தில் காற்று மரங்களுக்கிடையே சுழல்வதால், டீயில் நிற்பவன் உணரும் காற்றும் கிரீனின்மேல் வீசும் காற்றும் ஒன்றல்ல. 1980இல் டாம் வெய்ஸ்காப் என்னும் வல்லவர் இந்த மூன்றடிக் குழியில் பதின்மூன்று எழுதினார். 2016இல் முன்னணியில் வந்த ஜோர்டன் ஸ்பீத் இங்கே ஏழு எழுதிப் பட்டத்தை இழந்தார். 2019இல் டைகர் வுட்ஸோடு போட்டியிட்டவர்களில் நால்வர் ஒருவர் பின் ஒருவராக ஓடையில் பந்தை விட்டனர். வுட்ஸ் கிரீனின் நடுவில் போட்டுவிட்டு நடந்தார். 1958இல் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்னும் எழுத்தாளர் இந்த மூலைக்கு ‘ஆமென் கார்னர்’ என்று பெயரிட்டார், அப்பெயர் நிலைத்துவிட்டது.

இந்த மூலை ஆட்டத்தின் பிற்பகுதியில் வருவதே ஒரு தற்செயல் என்பதை அன்பர்கள் அறிந்து மகிழலாம். 1934இன் முதற்போட்டியில் இன்றைய பின் ஒன்பது குழிகளே முதலில் ஆடப்பட்டன. அடுத்த ஆண்டு முறை மாற்றப்பட்டது. தாழ்ந்த நிழற்பகுதியில் காலைப்பனி கரையத் தாமதமானதே காரணம் என்பர். நாடகத்தின் உச்சக்காட்சியைப் பனி வந்து கடைசி அங்கத்தில் வைத்துவிட்டது! 1935இல் ஜீன் சரசன் 15ஆம் குழியில் 235 கஜத்திலிருந்து அடித்த இரண்டாம் அடியை நேரே குழிக்குள் விழச்செய்து, சமன் ஆட்டம் வரை கொண்டுபோய் வென்றதும் இந்த மாற்றத்துக்குப் பிறகே. அந்த ஓரடியால் போட்டியின் புகழ் நாடெங்கும் பரவியது.

குழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு செடியின் பெயர்: மக்னோலியா, அசேலியா, கமேலியா, மஞ்சள் மல்லிகை என்றவாறு. பழைய நாற்றுப் பண்ணையின் நினைவு அது. போருக்கே வெட்சி, கரந்தை, வஞ்சி என்று பூப்பெயர் வைத்த நமக்கு இது புதுமையன்று.

இனிக் குறைகளுக்கு வருவோம். செயின்ட் ஆண்ட்ரூஸின் இறுதிக் குழியை எண்ணி அமைத்த 7ஆம் குழி, முதலில் ஏறத்தாழ 340 கஜம். மணற்குழியே இல்லாத எளிய வழி, தந்திரமான கிரீன். 1938ஆம் ஆண்டுக்குள் கிரீன் மேட்டுக்கு ஏற்றப்பட்டு மணற்குழிகளால் சூழப்பட்டது. இன்று நீளம் 450 கஜம், இருமருங்கும் மரச்சுவர். மூலத்தின் சாயல் துளியும் இல்லை. 8ஆம் குழியின் கதை இன்னும் வேடிக்கை. கிரீனைச் சூழ மெக்கென்சி அமைத்த மேடுகளை 1956இல் ராபர்ட்ஸின் விருப்பப்படி மட்டமாக்கினர். மக்கள் ஆட்டத்தைப் பார்க்க அவை தடை என்று கருதப்பட்டன. தவறென்று உணர்ந்து 1979இல் மீண்டும் மேடு கட்டினர். ஓலைச்சுவடியில் ஓர் அடியை அடித்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து நினைவிலிருந்து திருப்பி எழுதியது போன்ற செயல். ஆயினும் திருப்பி எழுதினார்களே!

மாற்றமெல்லாம் கேடு என்று சொல்ல வரவில்லை. 16ஆம் குழி முன்பு சிற்றோடை ஒன்றைத் தாண்டும் சாதாரணக் குழி. 1947 அளவில் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் அதைக் குளக்கரையில் புதிதாக அமைத்தார். கிரீனின் சரிவில் பந்து மெல்லத் திரும்பி உருண்டு குழியை நாடும் காட்சியை ஆண்டுதோறும் காண்கிறோம். முன்னதைவிடப் பின்னது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் வழக்கு 1997க்குப் பின் நடந்தவற்றோடு. அவ்வாண்டு 21 வயது டைகர் வுட்ஸ் 270 அடிகளில் முடித்து, அடுத்தவரைப் பன்னிரண்டு அடி வேறுபாட்டில் வென்றார். முதல் நாள் 15ஆம் குழியில், அந்தப் பார் 5இல், அவர் இரண்டாம் அடிக்கு எடுத்தது மிகச் சிறிய மட்டையை. கழகத்தார் அஞ்சினர். 1999இல் பேர்வேயின் இருபுறமும் உயர்புல் வந்தது. 15, 17ஆம் குழிகளில் பைன் மரங்கள் நடப்பட்டன. 6,925 கஜமாக இருந்த நீளம் 2002இல் 7,270 ஆகி, 2006இல் 7,445 ஆகி, 2024இல் 7,555 ஆயிற்று. 11ஆம் குழியின் வலப்பக்கத்தில் ஒரு சிறு காடே எழுந்தது. அங்கு முன்பு வலப்பக்கம் அகன்றிருந்தது. இடப்பக்கக் குளத்துக்கு அஞ்சாமல் கிரீனை நாட அதுவே சரியான கோணம். கோணத்தை மரத்தால் அடைத்த பின் எஞ்சியது எது? நேரே அடி, தவறினால் புதர். ஜாக் நிக்கலஸும் ஆர்னால்ட் பாமரும், இத்திடலில் பத்துப் பட்டங்களைத் தம்மிடையே பகிர்ந்தவர்கள், 2006இல் வெளிப்படையாகக் குறை கூறினர்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பந்தும் மட்டையும் மாறிவிட்டன; இளைஞர் முன்னூறு கஜத்துக்கு மேல் அடிக்கின்றனர். 13ஆம் குழியின் வளைவை மரங்களுக்கு மேலாகவே தாண்டிவிடும் நிலை வந்தபோது, அக்குழியின் கேள்வி செத்துவிட்டது. இரண்டாம் அடிக்குச் சிறிய மட்டை போதும் என்றால் ஓடை யாரை அச்சுறுத்தும்? கழகத்தார் 2017இல் பக்கத்துக் கழகத்திடம் நிலம் வாங்கி, 2023இல் டீயைப் பின்தள்ளி, 510 கஜத்தை 545 ஆக்கினர். இதை நான் வரவேற்கிறேன். பழைய கேள்வியைப் புதிய ஆட்டக்காரனிடம் கேட்க அதுவே வழி. 2025இல் ரோரி மக்கில்ராய் முன்னணியில் இருந்தபோது இங்கே அஞ்சி ஒதுங்கி, ஓடைக்கு முன் நிறுத்தி, மூன்றாம் அடியைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து ஓடையிலேயே விட்டார், ஏழு எழுதினார். பிறகு 15ஆம் குழியில் மரங்களைச் சுற்றி வளைத்து அடித்த அடியால் மீண்டு, சமன் ஆட்டத்தில் வென்றார். ஒதுங்கியவனுக்கும் திடல் வட்டி வசூலித்தது!

ஆக நீட்டியதில் எனக்குக் குறையில்லை, ஒடுக்கியதிலேதான் குறை. இவ்வளவு ஒடுக்கியும் பயன் என்ன? 2020இல், பெருந்தொற்றினால் நவம்பருக்குத் தள்ளிப்போன போட்டியில், ஈரம் ஊறிய தரையில் டஸ்டின் ஜான்சன் 268 அடிகளில் முடித்து 1997இன் கணக்கையும் கடந்தார். நீளம் ஏறத்தாழ மாறாத 12ஆம் குழியோ இன்றும் பட்டத்தைக் கொடுத்தும் பறித்தும் வருகிறது. நீளத்தையும் மரத்தையும் நம்பியவர்கள் இந்த 155 கஜத்தைச் சற்று எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணினார்கள் போலும், 2022இல் 11ஆம் குழியின் வலப்பக்க மரங்களில் சில அகற்றப்பட்டன.

ஆடும் அனுபவம் எப்படி என்றால், திரை நம்மை ஏமாற்றுகிறது. சென்று வந்தவர் அனைவரும் முதலில் சொல்வது சரிவைப் பற்றியே. கழக மனையிலிருந்து ரேஸ் கிரீக் வரை நூற்றைம்பது அடிக்கு மேல் தாழ்வு. நடப்பவனுக்கு அது மலையேற்றம். ஒளிப்படக் கருவி மேட்டைத் தட்டையாக்கிவிடுகிறது. சமநிலத்தில் நின்று அடிக்கும் வாய்ப்பு அங்கு அரிது. உறுப்பினர்கள் ஆடும் டீ மேடைகளிலிருந்து மொத்த நீளம் 6,365 கஜமே. போட்டியாளருக்குரிய நீளத்தில் ஆயிரம் கஜத்துக்கு மேல் குறைவு. எனவே அறுபது வயது வணிகர் ஒருவர் அங்கு ஆடும் திடல், மெக்கென்சி எண்ணிய திடலுக்கே நெருங்கியது. அகன்ற வழி, இழக்காத பந்து, கிரீனில் மட்டும் திண்டாட்டம். திடலின் உண்மையான உரு இன்று போட்டி நாட்களில் இல்லை. யாரும் பாராத வார நாட்களில் இருக்கிறது. விந்தை இதில்தான்.

அக்கிரீன்களின் சாய்வைக் கண்ணால் மட்டும் படிக்க முடியாது. அதைப் படித்தவர்கள் பைதூக்குநர்கள். 1982 வரை மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடுபவர் தம் ஆளை அழைத்து வர இயலாது. கழகத்தின் பைதூக்குநரையே கொள்ளவேண்டும். அவர்கள் கறுப்பர்கள்; அகஸ்டாவின் ஏழைத் தெருக்களிலிருந்து சிறு வயதிலேயே வந்து சேர்ந்தவர்கள். கார்ல் ஜாக்சன் 1961இல், பதினான்கு வயதில், முதன்முதலாக அப்போட்டியில் பை தூக்கினார். 54 மாஸ்டர்ஸ் போட்டிகள் கண்டார். பென் கிரென்ஷா 1984இலும் 1995இலும் வென்றபோது பக்கத்தில் நின்றவர் அவரே. பந்து எந்தப் பக்கம் எத்தனை விரற்கடை திரும்பும் என்பது நூலில் எழுதப்படவில்லை. அது இத்தகையோர் நெஞ்சில் இருந்தது. 1983இல் விதி தளர்ந்து, ஆட்டக்காரர் தம் ஆளை அழைத்து வரலாயினர். ஆடுபவருக்கு அது உரிமை. அகஸ்டாத் தெருக்களுக்கு அது வாழ்வின் இழப்பு. அந்த அறிவும் மெல்ல மெல்லக் கலைந்தது. திடலின் மதிப்பீட்டில் இதை நான் சேர்ப்பது பை தூக்கிய கை என்பதால் மட்டுமன்று. கிரீன் என்பது மண்ணின் வடிவம் பாதி, அவ்வடிவத்தை அறிந்தவன் சொல் பாதி.

வேலியும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். திடலைப் பற்றிப் பேசு, உறுப்பினரைப் பற்றிப் பேசாதே என்பார் உளர். வல்லவனுக்கும் எளியவனுக்கும் ஒரே நிலத்தில் இடம் தரவேண்டும் என்று வரைந்த திடலில், யாருக்கு இடம் என்று கேட்பது தவறாகுமா? பை தூக்கக் கறுப்பர் இருந்த இடத்தில், போட்டியில் ஆட முதல் கறுப்பரான லீ எல்டர் வந்தது 1975இல். கழகம் முதல் கறுப்பு உறுப்பினரைச் சேர்த்தது 1990இல். முதல் பெண் உறுப்பினர் இருவர் சேர்ந்தது 2012இல். பெண்களின் அமெச்சூர் போட்டியின் இறுதிச் சுற்று இத்திடலில் நடைபெறத் தொடங்கியது 2019இல்.

நம் நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. பிஜித் தீவில் இந்தியக் குடும்பத்தில் பிறந்த விஜய் சிங், 1984இல் மலேசிய பி.ஜி.ஏ. பட்டம் வென்றவர்; அதன்பின் சபாவின் கெனிங்காவிலும் சரவாக்கின் மிரியிலும் கழகப் பயிற்சியாளராக, ஊரார்க்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவர். ஓய்ந்த நேரமெல்லாம் வெயிலில் பந்தடித்துப் பழகினார். 2000இல் அகஸ்டாவில் 278 அடிகளில் முடித்து, மூன்றடி முன்னணியில் வென்று பச்சைச் சட்டை அணிந்தார். கெனிங்காவில் அவரிடம் பாடம் கேட்டோர் அன்று விடியலில் என்ன எண்ணினரோ! 2018இல் மாஸ்டர்ஸுக்கு வழிதிறக்கும் ஆசிய பசிபிக் அமெச்சூர் போட்டி சிங்கப்பூரில் செந்தோசாவில் நடந்தபோதும் நம்மவர் அகஸ்டாவைச் சற்று அருகில் உணர்ந்தனர்.

ஆனால் நம் கழகங்கள் அகஸ்டாவிடம் கற்றது பெரும்பாலும் தவறான பாடம். அதன் பசுமையைக் கண்டார்கள், வெண்மணலைக் கண்டார்கள், பூவையும் குளத்தையும் கண்டார்கள். அகலத்தைக் காணவில்லை. அகஸ்டா கோடையில் பல திங்கள் மூடிக் கிடக்கிறது. கிரீனின் அடியில் குழாய் வைத்து ஈரத்தை உறிஞ்சும் பொறி இருக்கிறது. செலவைப் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் மண்ணில் அந்தப் பூச்சைப் போலிசெய்யப் புகுந்தால் மருந்துக்கும் நீருக்குமே பணம் கரையும், சந்தா ஏறும், எளியவர் வெளியேறுவர். மெக்கென்சி வரைந்ததில் மலிவானது எதுவோ அதை விட்டுவிட்டு, பின்வந்தோர் பூசியதில் விலையேறியது எதுவோ அதைப் பற்றிக்கொண்டார்கள். சிங்கப்பூரில் நிலத்தின் தேவை வளர, ராபிள்ஸ் கண்ட்ரி கிளப் 2018இல் தன் நிலத்தை ஒப்படைத்தது. பொதுமக்கள் ஆடிய மரினா பே திடலும் 2024இல் மூடப்பட்டது. இத்தகைய நெருக்கடியில், எஞ்சிய நிலத்தை வெறும் பச்சைப் பூச்சாக வைத்திருப்போர் அதற்கு நியாயம் சொல்ல வேண்டிவரும்.

2024 செப்டம்பரில் ஹெலீன் என்னும் சூறாவளி ஜார்ஜியாவைத் தாக்கியபோது அகஸ்டாவிலும் மரங்கள் பல சாய்ந்தன. அடுத்த ஏப்ரலில், முன்பு இருண்டிருந்த சில இடங்களில் வானம் தெரிந்தது. அம்மரங்களை மீண்டும் நடவேண்டும் என்ற கட்டாயம் கழகத்துக்கு இல்லை. மெக்கென்சியின் வரைபடம் அவர்களிடமே இருக்கிறது. நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். அடுத்த ஏப்ரலில் திங்கட்கிழமை விடியலில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாம் குழியை மட்டும் பார்த்துவிட்டுப் போவாராம்.